இறுக்கியவர் யார்?

திருச்சிக்காரனுக்கு இரும்பு அந்நியமில்லை. நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பட்டறை 1928இல் பொன்மலைக்கு வந்தது. 1965இல் திருவெறும்பூர்ப் பக்கம் பெல் தொழிற்சாலை எழும்பியது. அதன் பிறகு இந்த ஊரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு ஃபிட்டரோ வெல்டரோ டர்னரோ தட்டுப்படாமல் இருக்க மாட்டார். அவர்களுக்கு நடுவே நான் காகிதக்காரன். ஸ்ரீரங்கத்தில் பிறந்து, பேரேட்டையும் ரசீதுக் கட்டையும் கட்டிக்கொண்டு அழுது, அப்படியே ஓய்வும் பெற்றவன். வீட்டுக் குழாயில் வாஷர் மாற்றக்கூட ஆளைக் கூப்பிடுகிறவன். அப்படிப்பட்டவன் ஜீப்பின் ஆயில் நட்டைப் பற்றி உட்கார்ந்து எழுதுகிறான் என்றால் அதற்குப் பச்சைமலைதான் பொறுப்பு.

துறையூரைத் தாண்டிப் போனால் சோபனபுரத்தில் மலைப்பாதை தொடங்குகிறது. ஏறினால் டாப்செங்காட்டுப்பட்டி. மேற்கே இருக்கும் கொல்லிமலைக்கு வல்வில் ஓரி உண்டு, அறப்பளீசுவரர் உண்டு, எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பச்சைமலைக்கு அந்த மாதிரிப் பெருமை எதுவும் வாய்க்கவில்லை. திருச்சி, பெரம்பலூர், சேலம் என்று இன்றைய மூன்று மாவட்டங்கள் பங்கு போட்டுக்கொண்டும், மூன்றிலும் பெரிதாக யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அங்கே வாழ்கிறவர்கள் மலையாளிகள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்கிறவர்கள், அவ்வளவுதான். குச்சிக்கிழங்கும் முந்திரியும் விளைவிப்பார்கள். கிழங்கு லாரியேறி ஆத்தூர், சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும். அந்தக் கிராமங்களுக்குக் கணக்குப் பார்க்க அலுவலக ஜீப்பில் அடிக்கடி போக வேண்டிய உத்தியோகம் எனக்கு. எண்பதுகளின் பிற்பகுதி. வயது முப்பதுகளில். எல்லாவற்றையும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட முடியும் என்று நம்பிய வயது.

அந்த ஜீப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 1947இல் மகிந்திரா கம்பெனி அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டத் தொடங்கியது. 1979இல் பிரான்சின் பெஜோ கம்பெனியிடம் டீசல் இன்ஜின் செய்ய உரிமம் வாங்கியது. ஆக எங்கள் ஜீப்புக்கு உடம்பு அமெரிக்கா, இதயம் பிரான்ஸ். உடம்பில் நட்டெல்லாம் அங்குலக் கணக்கு, இன்ஜினில் மில்லிமீட்டர். ஆளாளுக்கு ஒரு மரை வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், எல்லாரும் ஒரே அளவுக்கு வாருங்கள் என்று இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1841இலேயே சொல்லிவிட்டார். உலகம் அதைக் கேட்டு, பிறகு அமெரிக்கர்கள் தனியாக ஒன்று, ஐரோப்பியர்கள் தனியாக ஒன்று என்று பிரிந்து, கடைசியில் அத்தனையும் எங்கள் ஜீப்பில் வந்து ஒன்றாகக் குடியேறின. இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. 7/8 அங்குல ஸ்பேனர் என்பது 22.2 மில்லிமீட்டர். அதை 22 மில்லிமீட்டர் நட்டில் மாட்டினால் உட்கார்ந்துவிடும். பிடிப்பது போலத்தான் இருக்கும். அந்த 0.2 மில்லிமீட்டர் இடைவெளி ஒவ்வொரு முறையும் நட்டின் ஆறு மூலைகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே வரும். சுத்தமாகப் பொருந்தாத ஸ்பேனர் கண்ணில் பட்டுவிடும். இந்தக் 'கிட்டத்தட்டப்' பொருந்துகிற ஸ்பேனர்தான் ஆபத்து.

ஐப்பசி மழைக்காலம். மாலையில் வேலை முடியாததால் ஒரு கிராமத்தில் தங்கினோம். ஜீப்பை ஓடைக்கரையில் மேடு பார்த்துத்தான் நிறுத்தியிருந்தார் டிரைவர் அண்ணன். ராத்திரி மலை உச்சியில் எங்கேயோ பெய்த மழை, மேட்டையும் சேர்த்து நனைத்துவிட்டுப் போயிருந்தது. காலையில் வெள்ளம் வடிந்து, ஜீப் மட்டும் நெற்றி வரை சேறு பூசிக்கொண்டு நின்றது.

"அண்ணே, ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடலாமே" என்றேன். நம் ஆட்களுக்கு எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் முதலில் தோன்றும் வைத்தியம் அது.

அவர் என்னை விட இருபது வயது மூத்தவர். சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பானெட்டைத் திறந்து டிப் ஸ்டிக்கை உருவினார். நேற்று இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்ற எண்ணெய், இன்று மேல்கோட்டையும் தாண்டி நின்றது. எண்ணெய் தானாகப் பெருகாது. "பாத்தீங்களா சார், தண்ணி இறங்கியிருக்கு. இப்ப ஓட்டுனா எண்ணெயும் தண்ணியும் கடைஞ்ச மோர் மாதிரி ஆயிடும். பேரிங் போச்சு. மேல சிலிண்டருக்குள்ளயும் போயிருந்தா அதை விட மோசம். காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது. கனெக்டிங் ராடு வளைஞ்சிடும்." ஆக வண்டியைத் தொடாமல் முதலில் சேம்பரில், அதாவது இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியில், இருப்பதை வடிக்க வேண்டும். சேம்பருக்கு அடியில் ஒரே ஒரு நட்டு. அதைத் திறந்தால் வடிந்துவிடும். மத்தியானத்துக்குள் துறையூர் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

திறக்கவில்லை.

டிரைவர் அண்ணன் கோணியை விரித்து அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து சொன்னது: "மூலையெல்லாம் மழுங்கியிருக்கு சார். கடைசியா ஆயில் மாத்தின புண்ணியவான் பைப் போட்டு முறுக்கியிருக்கான்." எந்த ஒர்க்‌ஷாப், எந்தப் புண்ணியவான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். சொல்லவில்லை. திட்டவும் இல்லை. அதற்குள் ஊர் கூடிவிட்டது. மலையில் அந்தக் காலத்தில் ஜீப் என்றால் வேடிக்கை, நின்றுபோன ஜீப் என்றால் திருவிழா. வாட்டசாட்டமான இளைஞன் ஒருவன், "நகருங்க மாமா, நான் பாக்குறேன்" என்று ரிங் ஸ்பேனரோடு சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து கையை விட்டு எட்டிப் பிடித்து இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. நாங்கள் சுற்றி நின்று உற்சாகப்படுத்தினோம். என் குரல்தான் கொஞ்சம் ஓங்கி இருந்ததாக ஞாபகம். ஸ்பேனர் அசைந்தது. ஊரே ஆர்ப்பரித்தது. டிரைவர் அண்ணன் மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, இன்னும் இறுக்கிக்கிட்டு இருக்கே" என்றார்.

இது சிரிக்கிற விஷயமில்லை. நட்டின் தலை உங்கள் முகத்தைப் பார்த்து இருந்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருகினால் கழலும். அடியில் மல்லாந்து படுத்திருப்பவனுக்கு இது சரியாக வரும். மேலேயிருந்தோ பக்கத்திலிருந்தோ கையை மட்டும் உள்ளே விட்டால் தலை மறுபக்கம் பார்க்கும், திசை தலைகீழாகிவிடும். கழலவே மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறவர்களில் கணிசமானவர்கள் அதை இறுக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அண்ணனின் கணிப்பு. பலத்தைப் போடும் முன் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். இதை வண்டிக்குச் சொன்னாரா எனக்குச் சொன்னாரா என்று அப்போது விளங்கவில்லை.

பிறகு அவர் வேலை செய்த விதத்தை இன்றைக்கும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். முதலில் நட்டைச் சுற்றியிருந்த சேற்றையும் பழைய பிசுக்கையும் தேங்காய் நாரால் தேய்த்துத் துடைத்தார். ஒரு வீட்டில் விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை வாங்கி, துணியில் நனைத்து நட்டின் மேல் சுற்றிக் கட்டினார். அடியில் தொங்கும் நட்டுக்கு எண்ணெய் மேலேறி இறங்க வேண்டும்; அதனால்தான் துணிக்கட்டு. கட்டிவிட்டு, பீடி பற்ற வைத்துக்கொண்டு தூரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். மண்ணெண்ணெய் மரைக்குள் ஊற நேரம் வேண்டுமாம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், நடந்தேன், "ஊறியிருக்குமா அண்ணே" என்று கேட்டேன். "நீங்க கேக்கக் கேக்க ஊறாது சார்" என்றார்.

சாதாரணமாக, ஆயில் மாற்றும் முன் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார்கள். சூட்டில் எண்ணெய் இளகும், மரையின் பிடியும் தளரும். எங்கள் இன்ஜினை ஓட்டக் கூடாது. நெருப்பு காட்டலாம் என்றால் மண்ணெண்ணெய்த் துணியும் டீசலும் பக்கத்தில். அப்போது ஒரு வீட்டுப் பாட்டி, யாரும் கேட்காமலே, அடுப்பில் அண்டா நிறையத் தண்ணீர் ஏற்றினார். துணியை அவிழ்த்துவிட்டு, கொதிக்கிற தண்ணீரில் நனைத்த சாக்கைச் சேம்பரின் அடியில் அணைத்துப் பிடித்தார்கள். ஆறினால் எடுத்துவிட்டு அடுத்த சாக்கு. நேரமாக ஆக மழை ஈரத்திலும் பாட்டியின் அடுப்பு அணையவில்லை. நடுவே எனக்குச் சாமைக் களியும் கீரையும் வந்தது. ஜீப் எங்களுடையது, விறகு அவர்களுடையது. அந்தக் கணக்கை அன்று யாரும் எழுதவில்லை.

சூடு ஏறியதும் அண்ணன் சுத்தியலை எடுத்து நட்டின் தலையில் தட்டினார். அடிக்கவில்லை, தட்டினார். நேராக, சீராக, திரும்பத் திரும்ப. அந்த அதிர்வில்தான் துருவின் பிடி உடைகிறது. பிறகு அவர் செய்ததுதான் என்னைத் திகைக்க வைத்தது. மழுங்கிய மூலைகளில் பைப் ரெஞ்சின் பல்லைப் பதித்து, கழற்றும் திசையில் இழுக்காமல், இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை தள்ளினார். "என்ன அண்ணே, நீங்களும் இறுக்குறீங்க?" "அது எந்தப் பக்கம் போக ஆசைப்படுதோ அந்தப் பக்கம் கொஞ்சம் விடணும் சார். ஒட்டு விட்டுச்சுன்னா அப்புறம் நம்ம பக்கம் வரும்." தள்ளினார், இழுத்தார், தள்ளினார், இழுத்தார். 'க்ரீச்' என்று ஒரு சத்தம். இந்த முறை யாரும் ஆர்ப்பரிக்கவில்லை, அண்ணன் சைகை காட்டும் வரை.

நட்டு கழன்றதும் முதலில் வந்தது தெளிந்த தண்ணீர். எண்ணெயை விடத் தண்ணீர் கனம். இரவெல்லாம் அசையாமல் நின்றதில் அது அடியில் தங்கிவிட்டது. வெள்ளியாக ஒழுகிக்கொண்டே வந்து, சட்டென்று கறுப்பாக மாறியது. காலையில் நான் சொன்னபடி ஸ்டார்ட் செய்திருந்தால் இரண்டையும் பிரித்துப் பார்க்க வாய்த்திருக்காது. வடிந்த எண்ணெயைத் தரையில் விடாமல் தகரத்தில் பிடித்துக்கொண்டார்கள். கரையான் ஏறாமல் இருக்க வீட்டுக் கால்களின் அடியில் பூச வேண்டும் என்று ஒருவர் கேட்டு வாங்கிப் போனார். அப்போது அது உபயம். இன்றைக்குப் பழைய எண்ணெய் அபாயக் கழிவுப் பட்டியலில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போக வேண்டும்.

கியர் பாக்ஸிலும் தண்ணீர் போயிருக்கலாம் என்று அதையும் பார்த்தார். அங்கே ஒரு பாடம் கிடைத்தது. கீழே வடிக்கும் நட்டைத் தொடும் முன், பக்கவாட்டில் மேலே இருக்கும், எண்ணெய் ஊற்றும் நட்டைக் கழற்றிப் பார்த்தார். கீழே வடித்துவிட்டு, அப்புறம் மேலே திறக்க வரவில்லை என்றால் காலி கியர் பாக்ஸோடு மலையில் உட்கார வேண்டியதுதான். வேலையை விட்டுவிட்டு வேறு வேலை தேடப் போகிறேன் என்று பிற்காலத்தில் வந்து சொன்ன பிள்ளைகளிடமெல்லாம், மேல் நட்டு திறக்குமா பார்த்தாயா என்று கேட்டிருக்கிறேன். கிழத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

புது எண்ணெய் வாங்க ஒருவர் கிழங்கு லாரியில் துறையூருக்கு இறங்கினார். அதற்குள் மூடும் வேலைக்கு ஆயத்தம். நட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே ஒரு செம்பு வாஷர் உண்டு. நசுங்கிப்போன பழைய வாஷரைப் போட்டால் கசியும், கசிகிறதே என்று இறுக்குவார்கள், இறுக்கினாலும் கசியும், இன்னும் இறுக்குவார்கள். எங்கள் நட்டின் வரலாறு அநேகமாக இதுதான். புது வாஷருக்கு எங்கே போவது? அண்ணன் அந்தப் பழைய வாஷரைப் பாட்டியின் அடுப்பில் போட்டு, நன்றாகச் சிவந்ததும் இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் போட்டார். கொல்லன் பட்டறையில் அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் போடுவது அதைக் கெட்டியாக்கத்தானே என்று நான் வாதாடினேன். பொன்மலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் பக்கத்து வீட்டு மாமாதான் பிறகு விளக்கினார்: எஃகு அப்படித்தான், செம்பு நேர்மாறு. சிவக்கக் காய்ச்சினால் செம்பு மெத்தென்று ஆகிவிடும், தண்ணீரில் போட்டாலும் காற்றில் ஆறவிட்டாலும். மெத்தென்ற வாஷர் லேசான இறுக்கத்திலேயே இடுக்கையெல்லாம் அடைத்துக்கொள்ளும்.

நட்டைக் கையாலேயே முழுக்கத் திருகி ஏற்றிவிட்டு, ஸ்பேனரைக் கடைசியில்தான் எடுத்தார் அண்ணன். ஒரு சின்ன இழுப்பு. போதும் என்றார். எனக்குப் பயம். இறங்கும்போது கழன்று விழுந்தால்? "இன்னும் ஒரு முறுக்கு போடுங்க அண்ணே." அவர் அடியிலிருந்தபடியே தலையைத் திருப்பிச் சொன்னார்: "நாளைக்கு இதைக் கழட்டப் போறதும் ஒரு மனுசன்தான சார்."

அந்த வாக்கியத்தை நான் பல வருஷம் வைத்துக்கொண்டு உருட்டியிருக்கிறேன். பொன்மலை மாமாவிடம் சொன்னபோது அவர் காகிதம் கேட்டார். இந்த மாதிரி நட்டுக்குப் பல வண்டிகளில் 25 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்கம் போதும். 20 சென்டிமீட்டர் ஸ்பேனரில் பதினைந்து கிலோ எடைக்குச் சமமாக இழுத்தால் 30 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். அதே ஸ்பேனரில் பைப் சொருகி ஒரு மீட்டர் நீளமாக்கி, நாற்பது கிலோ அளவுக்கு இழுத்தால் 400. "பத்து மடங்குக்கு மேல. ஏன் இழுத்தான்? பலம் இருந்ததாலயா? பயந்துட்டான்டா. வண்டி போற வழியில எண்ணெய் ஒழுகி முதலாளி திட்டுவானோன்னு பயம்." மாமா பட்டறையில் கண்டது இது: மனிதர்கள் அலட்சியத்தால் தளர விடுவதைப் போலவே, அக்கறையால் அளவுக்கு மீறியும் இறுக்குகிறார்கள்.

எங்கள் தாத்தாவும் அப்படி ஒருவர். ஸ்ரீரங்கத்து வீட்டைப் பேரன்மார்கள் சண்டை போட்டுச் சிதைத்துவிடக் கூடாது என்ற பாசத்தில், எல்லாப் பேரன்மாரும் கையெழுத்துப் போட்டால் ஒழிய வீட்டில் எந்த மாற்றமும் கூடாது என்று உயில் எழுதிவிட்டுப் போனார். சண்டை வரவில்லை. ஓடு ஒழுகியது. பம்பாயில் இருந்த ஒரு பெரியப்பா மகன் கையெழுத்துப் போடவே மாட்டேன் என்றார். கூடத்தில் பாத்திரம் வைத்துச் சொட்டுத் தண்ணீர் பிடித்துக்கொண்டே நாங்கள் அவருக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதினோம், ஒவ்வொன்றும் முந்தியதை விடக் காரமாக. எனக்குப் பச்சைமலை ஞாபகம் வந்தபோது கடிதத்தை மாற்றினேன். அண்ணா, உங்களுக்கு எது மனசில் இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள், அதன்படியே முதலில் செய்வோம் என்று எழுதினேன். அவருக்கு இருந்த கவலை திண்ணையைப் பற்றி. வேலை ஆரம்பித்தால் திண்ணையை இடித்துக் கடையாக்கிவிடுவோம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். திண்ணையைத் தொட மாட்டோம் என்று நாங்களே தனியாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். அதாவது அவர் பக்கம் ஒரு மயிரிழை இறுக்கினோம். கையெழுத்து வந்தது. தாத்தாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பேரன்மார்களை நினைத்தார். ஒழுகும் ஓட்டின் கீழ் உட்காரப் போகும் பேரனை மட்டும் நினைக்காமல் விட்டுவிட்டார்.

இப்போது புது வண்டிகளில் சேம்பர் பல சமயம் அலுமினியம். அதில் எஃகு நட்டைப் பைப் போட்டு முறுக்கினால், நட்டு நிற்கும், சேம்பரின் மரை போய்விடும். லேத் பட்டறைக்கு எடுத்துப்போய்ப் புது மரை வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் சேம்பரையே மாற்ற வேண்டும். சில இடங்களில் இந்த வம்பே வேண்டாம் என்று டிப் ஸ்டிக் போகும் துவாரத்தில் குழாயை விட்டு, எண்ணெயை மேலேயே உறிஞ்சி எடுக்கிறார்கள். டிரைவர் அண்ணன் இருந்தால் ஒப்புக்கொள்ள மாட்டார். அடியில் தங்கிய தண்ணீரையும் கசடையும் அது முழுக்க எடுக்காது என்பார்.

என் பேரன் தன் பைக்குக்கு ஆயில் மாற்றுவதைத் தானே செய்கிறான். கையேட்டில் போட்டிருக்கும் இறுக்கத்துக்கு மேல் போகாமல் இருக்க டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்க வேண்டுமாம். விலையைக் கேட்டு அவன் அப்பா, ஒரு நட்டுக்கு இத்தனை ஆயிரமா என்று கத்தினான். பாதியை நான் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். மீதிப் பாதியை அவன் அம்மாவிடம் எப்படிப் பேசி வாங்குவது என்பதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கட்டமாக, இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஸ்கூட்டிக்கு ஆயில் மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன்.